சிக்னலில் முன்னால் நின்ற காரை லேசாக இடித்துவிட்டேன். கையில் பணம் கொடுத்து முடிக்கலாமா, இன்சூரன்ஸில் போகலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது. அவினாசி ரோடு சிக்னலில் முன்னால் நின்ற காரின் பின் பம்பரில் இடித்துவிட்டீர்கள். யாருக்கும் அடி இல்லை. அவர் அங்கேயே பதினைந்தாயிரம் கேட்கிறார். உங்கள் வண்டியிலும் முன் பம்பர் கீறி, ஒரு ஓரம் விரிசல் விட்டிருக்கிறது. பாலிசியில் 35% என்சிபி (க்ளெய்ம் எடுக்காததற்குத் தரும் தள்ளுபடி) ஓடுகிறது, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) இல்லை.

கோவையில் ஒரு பாடிஷாப்பில் எஸ்டிமேட் போடுவது என் வேலை. இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும். உங்கள் விஷயத்தில் என் பதில்: இரண்டு வண்டிகளையும் இன்சூரன்ஸுக்குப் போகாமலேயே முடியுங்கள். ஆனால் அவர் ரோட்டில் சொன்ன தொகைக்கு முடிக்காதீர்கள். ஒர்க்‌ஷாப் எழுதித் தரும் எஸ்டிமேட்டுக்கு முடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. யாருக்காவது சின்னக் காயம் பட்டிருந்தாலும், கழுத்து வலி என்று ஒருவர் சொன்னாலும், கைப்பணம் கொடுத்து முடிக்கும் பேச்சே கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், போலீஸுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு ஓட்டுநர் மேல் வைக்கிற கடமை அது. இரண்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு போன பைக்காரருக்கு மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை என்றால், அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இனி நான் எழுதுவது தகரமும் பிளாஸ்டிக்கும் மட்டும் அடிபட்ட சமாசாரத்துக்கு.

என்சிபி கணக்கைப் பலர் ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். அது போதாது. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓடி (ஓன் டேமேஜ்) பிரீமியத்தில், அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான பங்கில், 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரு க்ளெய்ம் எடுத்தால் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம். அதற்கப்புறம் மறுபடி 20இலிருந்து ஏறி வர வேண்டும். உங்களுக்கு அடுத்த வருடம் 45 கிடைக்க வேண்டியது, அதன் பிறகு 50. க்ளெய்ம் எடுத்தால் வருவது 0, 20, 25, 35, 45. வருடவாரியாக வித்தியாசத்தைக் கூட்டுங்கள்: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். தள்ளுபடிக்கு முந்தைய ஓடி பிரீமியம் 8,000 ரூபாய் என்றால், ஐந்து வருடத்தில் 9,600 ரூபாய் வரை கையை விட்டுப் போகிறது. வண்டியின் ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, வருடா வருடம் இறங்குவதால் கொஞ்சம் குறையலாம். ஜிஎஸ்டி சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

சரி, இதற்குப் பதிலாக க்ளெய்மில் என்ன வரும்? உங்கள் முன் பம்பரை மாற்ற 6,000, பெயிண்டிங் 4,000, கழற்றி மாட்டும் கூலி 1,000, ஆக 11,000 பில் என்று உதாரணத்துக்கு வையுங்கள். பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு வண்டி எவ்வளவு புதிது என்றாலும் தேய்மானம் 50 சதவீதம், அதில் 3,000 போச்சு. பெயிண்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அது 500. கட்டாயமாக நம் கையிலிருந்து போகிற தொகை 1500 சிசி வரைக்கும் 1,000, அதற்கு மேல் 2,000. ஆக 4,500 உங்களுடையது, கம்பெனி தருவது 6,500. இந்த 6,500க்காக 9,600 வரை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே கணக்கு இன்னொருவருக்குத் தலைகீழாக வரும். புது வண்டி, முதல் வருடம், இன்னும் என்சிபியே சேரவில்லை என்றால் இதே மாதிரி ஐந்து வருடத்துக்கும் கூட்டினால் மொத்த இழப்பு 50 சதவீதம்தான். அதோடு ஜீரோ டெப்பும் இருந்தால் தயங்காமல் க்ளெய்ம் போடலாம். இந்தப் பாலிசி வருடத்தில் ஏற்கனவே ஒரு க்ளெய்ம் எடுத்தவருக்கும் அப்படித்தான். என்சிபி போனது போனதுதான், இரண்டாவதைத் தடுத்து வைத்து லாபமில்லை. ஜீரோ டெப்பில் வருடத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த முன் வண்டிக்காரர். அவர் சார்பாக யாரும் பேசுவதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் வரை கவர் இருக்கும். ஆனால் அந்தப் பணத்தை வாங்க அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஒரு பம்பருக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? அதனால்தான் நடைமுறையில் அவரவர் சேதத்தை அவரவர் இன்சூரன்ஸிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். சிவப்பு விழுந்ததும் ஒழுங்காக நின்ற மனிதர் தன் என்சிபியையும் விட்டு, தேய்மானத்தையும் கட்டி, இரண்டு மூன்று நாள் வண்டியில்லாமல் அலைய வேண்டும். இது நியாயமில்லை. "உங்க இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும். இடித்தவர் நீங்கள் என்றால் அவர் வண்டிச் செலவை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தொகையை ரோட்டில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே ஒரு கீறல்தான் தெரியும். பம்பரைக் கழற்றினால் உள்ளே பக்கவாட்டு பிராக்கெட் உடைந்திருக்கும், கிளிப்புகள் தெறித்திருக்கும், பார்க்கிங் சென்சார் தன் கூட்டிலிருந்து உள்ளே போயிருக்கும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கும் குழியின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். அங்கே தகரம் அலை மாதிரி மடங்கியிருந்தால் இது பம்பர் வேலை இல்லை, பெரிய வேலை. முன்பக்க இடி என்றால் ஹெட்லைட்டின் காதுகளை, அதாவது அதை வண்டியோடு பிடித்து வைக்கும் பகுதிகளை, பார்க்க வேண்டும். காது உடைந்த லைட் பார்க்க முழுசாக இருக்கும், பள்ளத்தில் இறங்கினால் ஆடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உடையாமல் குழி மட்டும் விழுந்த பம்பரைச் சூடு காட்டி உள்ளிருந்து தள்ளினால் பல சமயம் எழுந்துவிடும், பாலிஷோடு முடியும். பதினைந்தாயிரம் கேட்ட வண்டி மூவாயிரத்தில் போயிருக்கிறது. மூவாயிரம் வாங்கியவர் பிறகு பில்லைப் பார்த்து வாயடைத்து நின்றதும் உண்டு. அதனால் இருவரும் சேர்ந்து ஒரே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பணத்தை ஒர்க்‌ஷாப் கணக்குக்கே நேராகக் கட்டிவிடுவது இன்னும் நல்லது.

எழுத்தில் ஒரு தாள் கட்டாயம். இரண்டு வண்டி எண்கள், தேதி, இடம், என்ன சேதம், எவ்வளவு பணம், இந்தச் சேதத்துக்கு இனி ஒருவர் மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்ற வரி, இருவர் கையெழுத்து. பணத்தை ஜிபே மாதிரி எதிலாவது அனுப்புங்கள், பதிவு இருக்கும். ஒரு எச்சரிக்கை: கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று நம்மூர் மோட்டார் பாலிசிகளில் நிபந்தனை உண்டு. அதனால் இந்த வழியில் போனால் அப்புறம் இதே விபத்துக்கு இன்சூரன்ஸைத் தேட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பம்பரோடு நின்ற சேதத்துக்கு அது பரவாயில்லை. டிக்கித் தளம் மடங்கியிருந்தாலோ, உங்கள் வண்டியில் பானெட், ரேடியேட்டர் என்று போயிருந்தாலோ தாளில் கை வைக்கும் முன் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் வரை ஒரு திருகைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்: உங்களிடம் பணமும் வாங்கி, அதே பம்பருக்குத் தன் கம்பெனியிலும் க்ளெய்ம் போடுவது ஏமாற்று வேலை.

உங்கள் பம்பரை மாற்றக்கூட வேண்டியிருக்காது. ஓரத்தில் விரிசல் மட்டும்தான் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து, அந்தப் பம்பரை மட்டும் பெயிண்ட் அடிக்கலாம். பேர்ல் வெள்ளை, மெட்டாலிக் நிறம் என்றால் பக்கத்து ஃபெண்டரோடு நிறம் ஒத்துப்போகுமா என்று பெயிண்டரிடம் வண்டியை வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கடை டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. இன்றைக்கே எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் க்ளெய்ம் என்று முடிவானால் தாமதமாகத் தகவல் சொன்னதற்குக் கேள்வி கேட்பார்கள்.