புது மெட்டல் டிடெக்டர் குப்பை நிலத்தில் ஓயாமல் கத்துகிறது. மெஷின் கோளாறா, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா?

மெஷினில் கோளாறு இல்லை. அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இடிந்த பழைய வீட்டு மனையில் ஓட்டியதாகவும், டிஸ்கிரிமினேஷனை (இன்ன உலோகத்துக்குச் சத்தம் போடாதே என்று மெஷினுக்குச் சொல்லும் அமைப்பு) ஏற்றியதும் சத்தமே இல்லாமல் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடிந்த வீடு என்றால் அதன் கூரையிலும் கதவிலும் ஜன்னலிலும் இருந்த ஆணி அத்தனையும் இப்போது மண்ணுக்குள். சாண் அகலத்துக்கு நாலைந்து கிடக்கும். அத்தனைக்கும் குரல் கொடுக்கிறது என்றால் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

டிஸ்கிரிமினேஷனை எல்லோரும் சல்லடை என்று நினைத்துக்கொள்கிறார்கள்: குப்பை கீழே விழுந்துவிடும், காசு மேலே நிற்கும் என்று. அப்படி இல்லை. அந்த நொடியில் காயிலுக்கு, அதாவது தரைக்கு மேல் வீசும் வட்டத் தட்டுக்கு, அடியில் என்னென்ன உலோகம் கிடக்கிறதோ அதன் கலவையைத்தான் மெஷின் கேட்கிறது. ஆணியும் நாணயமும் நான்கு விரல் இடைவெளியில் கிடந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சிக்னலாக வரும், பெரும்பாலும் ஆணியின் குரலில். இரும்பைப் பேசவிடாதே என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பதால் கூட இருக்கும் நாணயத்தின் வாயும் சேர்ந்து அடைபடுகிறது. நீங்கள் கேட்ட மௌனம் இதுதான்.

ஆகவே முதல் வேலை, மெஷினைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டு டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்துக்கோ, இரும்பு எல்லைக்குச் சற்றுக் கீழேயோ இறக்குவது. டோன் இரண்டு போதும்: இரும்புக்குத் தாழ்ந்த ஒலி, மற்ற எல்லாவற்றுக்கும் உயர்ந்த ஒலி. இரும்பின் ஒலியளவைத் தனியாகக் குறைக்கும் வசதி இருந்தால் லேசாக முனகும் அளவுக்கு வையுங்கள், முழுதாக அணைக்காதீர்கள். அந்த முனகல் இருந்தால்தான் ஆணிக் கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறீர்களா, சுத்தமான மண்ணில் இருக்கிறீர்களா என்று தெரியும். ஹெட்ஃபோன் இல்லாமல் இதெல்லாம் காதில் ஏறாது.

அடுத்து சென்சிடிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிய சிக்னலுக்கும் மெஷின் காது கொடுக்கிறது என்ற அளவு. இதைக் குறைக்கச் சொன்னால் ‘ஆழம் போய்விடுமே’ என்று சண்டைக்கு வருவார்கள், எனவே கணக்கையே சொல்லிவிடுகிறேன். காயிலில் இருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் படியில் தேய்கிறது, பொருளில் இருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் படி. காயிலின் அளவோடு ஒப்பிட நல்ல ஆழத்தில் இருக்கும் சின்னப் பொருளுக்கு, தூரம் இரட்டித்தால் சிக்னல் 64-இல் ஒரு பங்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மெஷினின் திறனைப் பாதியாக வெட்டினாலும் 20 செ.மீ. எட்டியது 18 செ.மீ. அளவுக்கு வரும், அவ்வளவுதான். குப்பை நிலத்தில் அந்த 2 செ.மீ. எப்படியும் கிடைக்கப்போவதில்லை, மேலே கிடக்கும் ஆணிகள் அதை மறைத்துவிடும். சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைத்தால் மின்கம்பியின் இரைச்சலும் மண்ணின் தாதுவும் சேர்ந்து கத்தும், காது சோர்ந்துபோகும். காயிலை அசைக்காமல் பிடித்தால் மெஷின் அமைதியாக இருக்க வேண்டும். அந்த இடம் வரை இறக்குங்கள்.

ரிக்கவரி ஸ்பீட் என்று ஓர் அமைப்பு இருக்கும், சில மெஷின்களில் ரியாக்டிவிட்டி என்று பெயர். ஒரு பொருளுக்குப் பதில் சொல்லி முடித்து அடுத்ததற்குத் தயாராக மெஷின் எடுத்துக்கொள்ளும் நேரம் இது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800-இல் 1 முதல் 8 வரை, 600-இல் 1 முதல் 3 வரை. எண் கூடினால் வேகம் கூடும், ஆழம் கொஞ்சம் குறையும், ஒலி குட்டையாக வெட்டி வெட்டி வரும். ஆணி நிலத்தில் வேகமான பக்கம்தான் சரி. இந்த அமைப்பே இல்லாத மெஷின் என்றால் கவலை வேண்டாம், சின்னக் காயில் மாட்டுங்கள். சொல்லப்போனால் குப்பை நிலத்துக்குச் செய்யக்கூடிய ஒரே உருப்படியான கூடுதல் செலவு அதுதான். 11 அங்குலக் காயிலுக்கு அடியில் ஆறு ஆணி கிடக்கும் இடத்தில் 6 அங்குலக் காயிலுக்கு அடியில் இரண்டு கிடக்கும்.

கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் தாதுவுக்கு மெஷின் கத்தாதபடி சரிசெய்வதை, உலோகமே இல்லாத ஒரு சாண் மண்ணில் செய்ய வேண்டும். காயிலைத் தரைக்கு 3 செ.மீ. உயரத்தில் இருந்து 15 செ.மீ. வரை மேலும் கீழும் ஆட்டி ஒலி சமமாகும் வரை. ஆணிக்கு மேல் நின்று செய்தால் மெஷின் அந்த ஆணியையே மண் என்று எடுத்துக்கொள்ளும், அன்றைக்கு முழுவதும் தப்புக்கணக்குதான்.

நிலத்துக்குப் போகுமுன் ஒரு பலகைப் பரீட்சை. மரப்பலகையின் நடுவில் ஒரு நாணயம், அதைச் சுற்றி நான்கு திசையிலும் 5 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துருப்பிடித்த ஆணி. இதை வெளியில், உலோகம் இல்லாத மண்ணில் வையுங்கள். வீட்டுத் தரையில் கம்பி இருக்கும். 5 செ.மீ. உயரத்தில் காயிலை ஓட்டி நாணயத்தின் ஒலி கேட்கிறதா பாருங்கள். பிறகு டிஸ்கிரிமினேஷனை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். எந்தப் படியில் நாணயம் காணாமல் போகிறதோ அதைக் குறித்துவையுங்கள், உங்கள் மெஷினின் எல்லை அது. பலகையைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும் ஓட்டுங்கள். ஒரு திசையில் தெளிவாகக் கேட்ட நாணயம் இன்னொரு திசையில் இருந்த இடம் தெரியாமல் போவதை நேரில் பார்த்தால், நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

காயில் வீச்சைப் பற்றி. அரிவாள் வீசுவது போல் அகலமாக வீசாதீர்கள். இரண்டடிக்குள், தரையை ஒட்டி, இரு முனையிலும் தூக்காமல். ஒலி வந்ததும் நின்று, அந்த இடத்தில் மட்டும் ஒரு கையகல வீச்சு. அப்புறம் நீங்கள் நடந்து 90 பாகை திரும்பி அதே இடத்தை மறுபடியும். இரண்டு திசையிலும் ஒரே ஒலி, ஒரே இடத்தில் என்றால் தோண்டலாம். திரும்பியதும் முனகலாக மாறினால் பெரும்பாலும் நீள ஆணி. அதன் நுனிகள் உயர்ந்த ஒலி கொடுத்து ஏமாற்றும். பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயிண்ட் பொத்தானை அழுத்தும்போது ஒலி கேட்ட இடமும் மையம் காட்டும் இடமும் ஒரு கை தள்ளி இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

சோடா மூடி இன்னும் கெட்டிக்காரன். இரும்புதான், ஆனால் வட்டத் தகடு என்பதால் நாணயம் மாதிரியே பேசும். டிடி வகைக் காயில் (உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச்சுருள் இருப்பது) என்றால் ஒரு வழி: காயிலைச் சின்னதாக ஆட்டிக்கொண்டே உங்களை நோக்கி மெல்லப் பின்னால் இழுங்கள். பொருள் காயிலின் முன்நுனியைத் தாண்டும்போது மூடியின் ஒலி உடைந்து இரும்பு முனகலில் விழும். நாணயம் கடைசி வரை அதே குரலில் மெலிந்து மறையும். வட்ட வாஷர் இதையும் தாண்டி ஏமாற்றும். தோண்டித்தான் தீர வேண்டும்.

அலுமினியத்துக்கு வழியே கிடையாது. கேன் வளையத்துக்கும் தங்க மோதிரத்துக்கும் திரையில் ஒரே எண் வரும். மெஷினுக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. மின்கடத்தும் தன்மை, பருமன், வடிவம் மூன்றும் சேர்ந்த ஒரு பதில்தான் அந்த எண். வளையத்தை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கும். ‘எண்ணைப் பார்த்தே தங்கம் என்று சொல்வேன்’ என்பவரிடம் வாதாடாதீர்கள், அவர் தோண்டாமல் விட்டது எத்தனை என்று அவருக்கே தெரியாது. ஆழத்தில் இருப்பதற்கும் இரும்பை ஒட்டியிருப்பதற்கும் எண் பத்து பதினைந்து தாவும். எண் தாவினாலும் ஒலி திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கணக்கு.

சலிப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். கிடைக்கவில்லை. மருத்துவர் வலப்பக்கம் மட்டும் தேடவிட்டார் என்பது ஒரு காரணம், படுக்கைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் இன்னொன்று.

முதல் நூறு சிக்னலை எதையும் விடாமல் தோண்டச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் தோண்டுமுன் ஒலி, எண், உங்கள் ஊகம். தோண்டியபின் பொருள், ஆழம். மனதில் வைத்தால் போதாது, நோட்டில் எழுதுங்கள். கையுறை போடுங்கள், துரு ஆணி விளையாட்டில்லை. மனை யாருடையதோ அவரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், தொல்லியல் இடம் பக்கமே போகக்கூடாது. குண்டு மாதிரி எதாவது தட்டுப்பட்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோண்டிய ஆணியையும் வளையத்தையும் அதே குழியில் போட்டு மூடிவிட்டுப் போகும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்து வருபவன் அதையே தோண்ட வேண்டும். குழியை மூடாமலே போகிறவர்களும் உண்டு, ஊரில் உள்ள எல்லோருக்கும் அனுமதி மறுக்கப்படுவது இவர்களால்தான். இடுப்பில் ஒரு பை கட்டிக்கொள்ள என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தப் பை உங்களுக்கே லாபம். ஒரு பொருள் எடுத்ததும் குழியின் மேல் காயிலை மறுபடி ஓட்டுங்கள், ஆணி போனதும் பக்கத்தில் ஒளிந்திருந்தது பேச ஆரம்பிக்கும். மனை முழுவதும் அலையாமல் பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் இரும்பை எல்லாம் எடுத்துவிட்டு, அடுத்த நாள் குறுக்குவாட்டில் ஓட்டிப் பாருங்கள்.