வாசகர் கேள்வி–பதில்: கதை எதற்கு, திரையில் அதை எப்படிச் சொல்வது?

கேள்வி: மனிதர்கள் ஏன் ஓயாமல் கதை சொல்கிறார்கள்? பொழுதுபோக்கைத் தாண்டி ஏதாவது காரணம் உண்டா?

உண்டு. எதைப் பார்த்தாலும் "யார் செய்தது, ஏன் செய்தார்" என்று தேடுவது நம் மூளையின் பழக்கம். விடை கிடைக்காவிட்டால் தானே ஒன்றைப் புனைந்துகொள்ளும். ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் 1944-ல் இதை ஒரு குட்டி அசைவுப்படத்தால் காட்டினார்கள். அதில் இருந்தவை ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறந்து மூடும் ஒரு செவ்வகம், அவ்வளவே. பார்த்ததை எழுதச் சொன்னபோது முதல் குழுவின் 34 பேரில் ஒருவர் மட்டுமே வெறும் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் கண்டதெல்லாம் துரத்தலும் சண்டையும் தப்பித்தலும்தான்.

இன்னொரு காரணம், எதிரில் இல்லாதவர்களைப் பற்றி அறிந்துகொள்வது. போட்ஸ்வானா, நமீபியா பகுதியில் வேட்டையாடி வாழ்ந்த ஜு-ஹோவான்சி மக்களின் பேச்சை மானிடவியலாளர் பாலி வீஸ்னர் பகுத்து 2014-ல் வெளியிட்டார். பகல் பேச்சில் கதை 6 சதவீதம்தான். பெரும்பகுதி குறைகூறலும் பிழைப்பும். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் கதை 81 சதவீதமாகிவிடுகிறது. தொலைவில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள், யாரை நம்பலாம் என்பதை அங்கே போகாமலே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

கேள்வி: கதையாகச் சொன்னால் மறக்காது என்கிறார்களே, உண்மையா?

அளந்தே பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் கார்டன் பவரும் மிக்கல் கிளார்க்கும் 1969-ல் மாணவர்களிடம் தலா 10 சொற்கள் கொண்ட 12 பட்டியல்களைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் ஒவ்வொரு பட்டியலையும் ஒரு கதையாகக் கோத்துக்கொண்டார்கள். மறு சாரார் அதே நேர அளவில் மனப்பாடம் செய்தார்கள். பட்டியல் முடிந்த கையோடு கேட்டபோது வித்தியாசமே இல்லை. பன்னிரண்டும் முடிந்தபின் கேட்டால், கதை கோத்தவர்கள் 93 சதவீதம் சொன்னார்கள், மற்றவர்கள் 13 சதவீதம்.

நீங்கள் முயலும்போது ஒன்றைக் கவனியுங்கள். "நரி வந்தது, பிறகு ஏணி, பிறகு மழை" என்பது இன்னமும் பட்டியல்தான். "மழையில் குழி நிரம்பியது, அதனால் நரி ஏணியைத் தேடியது" என்றால் ஒரு சொல் அடுத்ததை இழுத்துவரும். உங்கள் எழுத்தில் "பிறகு" வருமிடங்களில் "அதனால்" அல்லது "ஆனால்" போட்டுப் பாருங்கள். பொருந்தாத இடத்தில்தான் கதை அறுந்திருக்கிறது.

கேள்வி: புகைப்படங்களையும் என் குரலையும் சேர்த்து ஒரு சிறு காணொளிக் கதை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

குரலிலிருந்து. படங்களை முதலில் அடுக்கினால் எழுத்து படவிளக்கமாகச் சுருங்கிவிடும். 1990-களில் கலிஃபோர்னியாவில் டேனா அட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோரின் பயிலரங்குகளில் வளர்ந்த வடிவம் இது. நீளம் 2 முதல் 3 நிமிடம். தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் போகும். 3 நிமிடத்துக்கு 250 சொற்களோடு நிறுத்துங்கள். மிச்ச நேரம் மூச்சுக்கும் மௌனத்துக்கும் வேண்டும்.

பதிவுக்குச் செல்பேசி போதும். அதை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் உட்காருங்கள். வெறும் சுவர் அறையில் எதிரொலி வரும், அதைப் பின்னால் நீக்குவது பெரும்பாடு. வாயிலிருந்து 15–20 செ.மீ. தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் "ப்ப" வரும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதி "டப்" என்று கேட்கும். பதிவுச் செயலியின் ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். 0-ஐத் தாண்டினால் அலையின் முனை வெட்டுப்பட்டுவிடும், அதை முழுசாக மீட்க முடியாது.

பேசத் தொடங்குமுன் 10 நொடி சும்மா பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்தப் பகுதியைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும். குறைப்பு அளவு 12 டெசிபலில் நிற்கட்டும். மிகவும் ஏற்றினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். வாக்கியங்களுக்கிடையே இடைவெளி விடும்போதும் அந்த அறை மௌனத்தையே ஒட்டுங்கள், ஒலியே இல்லாத துண்டு காதில் ஓட்டைபோல் விழும்.

படங்கள் 15 முதல் 20 போதும். குரல் சொல்வதையே படமும் சொல்ல வேண்டாம். "அப்பா அன்றிரவு திரும்பவில்லை" என்ற வரிக்கு அப்பாவின் படம் எதற்கு? மூடாத கதவைக் காட்டுங்கள்.

கேள்வி: காணொளியில் தலைப்பு போட்டால் "கொ" என்ற எழுத்து உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது. ஏன்?

எழுத்துருமேல் பழி இல்லை. எழுத்துகளை இணைத்து வரையும் வேலையை அந்த எடிட்டிங் மென்பொருள் செய்யவில்லை. அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் சரியாகக் காட்டும் வேறொரு செயலியில் தலைப்பை எழுதி, பின்னணியில்லாத பிஎன்ஜி படமாக்கி வையுங்கள். திரையின் அடியில் ஓடும் வரிகளுக்கான வசனக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள்.

கேள்வி: வாசகரே பாதையைத் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதை எழுதத் தொடங்கினேன். கிளைகள் பெருகிக் கட்டுக்கடங்காமல் போய்விட்டன. எப்படிச் சமாளிப்பது?

கணக்கைப் பார்த்தாலே காரணம் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் 2 தேர்வு, 10 படிகள் என்றால் 1,024 முடிவுகள், மொத்தம் 2,047 பத்திகள். ஒரு வாசகர் ஒருமுறை படிக்கையில் அவற்றில் 11-ஐத்தான் பார்ப்பார்.

ஆகவே பிரித்ததைத் திரும்பச் சேருங்கள். ஒரு தேர்வு, ஓரிரு பத்திகள் தனிப்பாதை, பிறகு எல்லாரும் வந்துசேரும் ஒரு பொதுப் பத்தி. வாசகர் செய்ததைக் கதை நினைவில் வைத்திருப்பதுதான் முக்கியம். விளக்கை எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே இருட்டறைக்குத்தான் வருகிறார்கள். எடுத்தவருக்குச் சுவரில் எழுதியது தெரியும், மற்றவருக்கு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரே பத்தி, மாறுவது ஒரு வரி. "அதனால்" என்ற சொல்லை இங்கே வாசகரின் கை எழுதுகிறது.

இதற்கு கிறிஸ் கிளிமாஸ் 2009-ல் உருவாக்கிய ட்வைன் என்ற இலவசக் கருவி போதும். ஒரு பத்தியில் [[கதவைத் திற->இருட்டறை]] என்று எழுதினால் இடப்பக்கம் வாசகர் அழுத்தும் சொல், வலப்பக்கம் போகுமிடம். விளக்கை எடுத்ததை ஒரு மாறியில் (கதை நினைவில் வைக்கும் ஒரு பெயரிட்ட குறிப்பு) குறித்துவைத்து, பின்னால் அதைச் சோதித்து வரியைக் காட்டலாம்.

தமிழில் எழுதுவோரைப் படுத்தும் கோளாறு ஒன்று உண்டு. "ொ" ஒரே குறியாகவும் பதிவாகலாம், கொம்பு–கால் என இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இணைப்பில் எழுதிய பெயரும் பத்தியின் பெயரும் பொருந்தாததால் ட்வைன் காட்டும் பத்தி வரைபடத்தில் அதே பெயரில் ஒரு வெற்றுப் பத்தி புதிதாக முளைக்கும். பத்திப் பெயரைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டினால் தப்பிக்கலாம்.

உலாவியில் எழுதினால் கதை அந்த உலாவிக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. தரவை அழித்தால் கதையும் போய்விடும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கோப்பாக வெளியெடுத்து வையுங்கள்; கணினியில் நிறுவும் பதிப்பு இன்னும் பாதுகாப்பானது.

"இடதா, வலதா" மாதிரியான தேர்வுகளை வெட்டிவிடுங்கள், அதில் யோசிக்க எதுவுமில்லை. "கடிதத்தைப் பிரிக்கவா, அவளிடம் அப்படியே கொடுக்கவா" என்றால் எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றை இழக்க நேரும். முடித்தபின் யாரையாவது படிக்கவைத்து, வாய் திறக்காமல் அருகில் இருங்கள். விரல் தயங்காமல் அழுத்திய தேர்வுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றையே முதலில் திருத்துங்கள்.