வகுப்புக்கே தண்டனை: ஒரு தந்தையின் கடிதம்

வணக்கம் டீச்சர்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவன். ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து தெரிய வேண்டும். என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், மதிய இடைவேளையில் அவர்கள் வகுப்பு ஸ்மார்ட் போர்டை யாரோ உடைத்துவிட்டார்கள். பிரின்சிபால் வந்து கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் மொத்த வகுப்பையும் இரண்டு பீரியட் வெயிலில் மைதானத்தில் நிற்க வைத்தார்கள். தலைக்கு ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பினார்கள். ஆண்டு விழாவில் இந்த வகுப்புப் பிள்ளைகள் யாரும் மேடை ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். போதாததற்கு, வழக்கமாகச் சேட்டை செய்கிறவர்கள் என்று மூன்று பையன்களை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு நாளாகச் சண்டை. நான் பள்ளியின் பக்கம்தான் பேசினேன். பிரம்பைப் பிடுங்கிவிட்டோம், திட்டினாலும் புகார் போகிறது, அப்புறம் ஆசிரியர்கள் என்னதான் செய்வார்கள்? எல்லாருக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்தால் தப்பு செய்கிறவனைக் கூட இருக்கிற பிள்ளைகளே தடுப்பார்கள் என்று எழுதினேன். சம்பவம் நடந்தபோது என் மகள் ஆண்டு விழா நடனப் பயிற்சியில் இருந்தாள். அதனால் என் மனைவிக்கு என் மேல் கோபம். யார் உடைத்தது என்று மகளுக்குத் தெரியும் என நினைக்கிறேன். கேட்டால் சொல்ல மறுக்கிறாள், என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை.

அந்த மூன்று பையன்களில் ஒருவன் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். அப்பா வேன் ஓட்டுகிறார். ‘கோட்டாவில் வந்த பிள்ளைகளால்தான் இதெல்லாம்’ என்று ஒருவர் குரூப்பில் எழுத, அந்தப் பையனின் அப்பா குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். அது எனக்கும் சங்கடமாக இருந்தது, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி செய்தது சரியா, தவறா?

(பெயர் வேண்டாம்), திண்டுக்கல் மாவட்டம்

*

அன்புத் தம்பிக்கு,

பள்ளி செய்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் குரூப்பில் நடக்கும் சண்டை, கண்டிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியதாக இருக்கிறது. கண்டிப்பு வேண்டும். ஸ்மார்ட் போர்டு விலை உயர்ந்த பொருள், அதை உடைத்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. தண்டிப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை யாராவது தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்களா?

உங்கள் மகள் நடனப் பயிற்சியில் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயிற்சியை நடத்தியது பள்ளிதான். அங்கே ஒரு ஆசிரியர் இருந்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளோடு சேர்த்து இன்னும் சில பெயர்கள் அப்போதே நீங்கியிருக்கும். கால் மணி நேர வேலை. தன் பள்ளிக்கூடமே சாட்சி சொல்லக்கூடிய ஒரு குழந்தையை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? அவள் உங்களோடு பேசாமல் இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். பள்ளியில் யாரும் அவளைக் கேட்கவில்லை. வீட்டிலும் அப்பா பள்ளி சொன்னதைத்தான் சொல்கிறார்.

இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில், 1971இல், ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் ரகளை நடந்து பொருட்கள் சேதமாயின. டுவைட் லோபஸ் என்ற மாணவனையும் இன்னும் குறைந்தது 75 பேரையும் ஒரே நாளில் இடைநீக்கம் செய்தார்கள். நான் எதையும் உடைக்கவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்று அவன் சொன்னான். அதைக் காதில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. 1975இல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் மாணவர்கள் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். பத்து நாளோ அதற்குக் குறைவாகவோ வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால்கூட, உன் மேல் இன்ன குற்றச்சாட்டு என்று மாணவனிடம் சொல்ல வேண்டும். அவன் மறுத்தால், எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பதையும் சொல்லி, அவன் தரப்பைச் சொல்ல விட வேண்டும். வக்கீல், சாட்சிக் கூண்டு என்று எதையும் நீதிமன்றம் கேட்கவில்லை. சம்பவம் நடந்த சில நிமிடங்களிலேயே ஆசிரியர் பையனோடு உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் போதும் என்றது.

அது அவர்கள் நாட்டுச் சட்டம், நம் ஊர்ப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இவ்வளவு சின்ன விஷயத்தைச் செய்ய நம் பள்ளிகளுக்கு என்ன தடை இருக்கிறது?

நம் ஊரில் என்ன இருக்கிறது என்றும் சொல்கிறேன். மாணவர்களைத் திருத்துகிறோம் என்ற பெயரில் உடலுக்கோ மனதுக்கோ வலி தருவதை 2003இலேயே தமிழ்நாடு தன் கல்வி விதிகளில் தடுத்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17இல், உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. உங்கள் மகள் படிக்கும் 8ஆம் வகுப்பு வரை அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பார்த்தால், உடல்ரீதியான தண்டனை என்றால் அடிப்பது மட்டும் இல்லை, முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவது என்று உடம்பை வருத்தும்படி நிற்க வைப்பதும் அதில் வருகிறது. இரண்டு பீரியட் வெயிலை இதற்கு வெளியே வைக்க என்னால் முடியவில்லை. இந்த வழிகாட்டுதல்களைத் தமிழகப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

சரி, சட்டத்தை விடுங்கள். கூட இருக்கிற பிள்ளைகளே தப்பு செய்கிறவனைத் தடுப்பார்கள் என்றீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வரிதான்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. யார் என்று சொல்லும்வரை வகுப்புக்கு விளையாட்டுப் பீரியட் கிடையாது என்றார் தலைமையாசிரியர். இரண்டாவது வாரம் ஒரு பையன் எழுந்து நான்தான் என்றான். எல்லாருக்கும் நிம்மதி. பொதுத் தண்டனை பலன் தருகிறது என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டார்கள். அவன் உடைக்கவே இல்லை என்பது அந்த வருடக் கடைசியில் ஒரு மாணவி என்னிடம் சொல்லித்தான் தெரிந்தது. வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து, ‘நீ ஒத்துக்கோடா, உங்கப்பா குவைத்ல இருக்கார், உனக்கு வீட்ல அடி விழாது’ என்று அவனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் கையில் நீதியைக் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும். பதின்மூன்று வயதில் அவர்களால் உடைத்தவனைக் கண்டுபிடித்துத் திருத்த முடியாது. அவன் பலசாலியாக இருந்தால் கிட்டே போகவே பயப்படுவார்கள். யாரைக் காட்டிக் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்களோ, அவன் பக்கம் திரும்புவார்கள். இந்த முறை பிள்ளைகளுக்கு அந்த வேலைகூட வைக்கவில்லை. உங்கள் குரூப்பில் பெரியவர்களே அதைச் செய்துவிட்டார்கள், ‘கோட்டாவில் வந்தவர்கள்’ என்று.

அந்த மூன்று பையன்கள் போர்டுக்குப் பக்கத்தில் இருந்ததாக யாராவது பார்த்தார்களா? வழக்கமாகச் சேட்டை செய்கிறவர்கள் என்பது ஒரு சாட்சியமா? போன மாதம் பேசிக்கொண்டே இருந்ததற்கும் வீட்டுப்பாடம் எழுதாததற்கும் வாங்கிய கெட்ட பெயரை வைத்து, இந்த மாதம் உடைந்த பொருளுக்கு ஒரு வாரப் படிப்பைப் பறிக்கிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் உண்மையிலேயே உடைத்திருக்கவும் கூடும். அப்படியே இருந்தாலும் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் தண்டிக்க வேண்டும். 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தையை அந்தக் காரணத்துக்காக வேறு மாதிரி நடத்துவதைப் பாகுபாடு என்றே ஆணையத்தின் வழிகாட்டுதல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இப்படி ஒரு பேச்சு வரும் என்று தெரிந்துதானே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அபராதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் ரூபாயைப் பிள்ளைகள் கட்டப்போவதில்லை. நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவீர்கள், வேன் ஓட்டுகிறவர் கடன் வாங்கிக் கட்டுவார்.

ஆசிரியர்களின் கஷ்டத்தை நீங்கள் எழுதியதில் உண்மை இருக்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன பெற்றோரையும் பார்த்திருக்கிறேன், சத்தம் போட்டதற்கே வக்கீலோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், போர்டுக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்கும் நிர்வாகம். மனம் விட்டுப் பேச ஒரு ஆலோசகர்கூட இல்லாத பள்ளிகள்தான் நம்மிடம் அதிகம். ஆனால் பிரம்பு போன பிறகு ஆசிரியரிடம் ஒன்றுமே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். வகுப்பாசிரியை அன்று சாயங்காலமே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, மதியம் எங்கே இருந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தால் இரண்டு நாளில் விஷயம் வெளியே வந்திருக்கும். எனக்கு அது பலமுறை நடந்திருக்கிறது. உடைத்தவன் அகப்பட்டால் பெற்றோரை அழைத்துப் பேசலாம், செலவில் ஒரு பங்கை ஏற்கச் சொல்லலாம், ஒரு மாதம் பள்ளி முடிந்ததும் அந்த அறையைப் பூட்டிச் சரிபார்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுக்கலாம். கூட்டத்தில் நிறுத்தி ‘யார்?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. நாற்பது ஜோடிக் கண்கள் பார்க்கும்போது பெரியவர்களான நாமும் சொல்ல மாட்டோம். குரூப்பில் அந்த வரியைப் படித்துவிட்டு நீங்களும் மௌனமாகத்தானே இருந்தீர்கள்? குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. உங்கள் மகளின் மௌனம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளிடம் இனிமேல் பெயரைக் கேட்காதீர்கள். அன்று மைதானத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நீ அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும், உன்னை நிற்க வைத்தது நியாயம் இல்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், தாளில் எழுதி, நான்கைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டு, பிரின்சிபாலை நேரில் பார்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு மாணவரையும் தனியாக விசாரிக்க வேண்டும், அதுவரை அபராதத்தையும் ஆண்டு விழாத் தடையையும் நிறுத்தி வைக்க வேண்டும், மூன்று பையன்களை எந்த ஆதாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுத்தில் தர வேண்டும், ஆதாரம் இல்லையென்றால் நாளைக்கே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், இந்த விவகாரம் அவர்களுடைய நன்னடத்தைச் சான்றிதழில் ஏறக் கூடாது. மரியாதையாகவே எழுதுங்கள், உடைத்தவர் யார் என்று தெரிந்தால் அந்தத் தண்டனைக்கு நாங்கள் துணை நிற்போம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம், பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம். பெரும்பாலும் அதுவரை போகாது.

கையெழுத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த வேன் ஓட்டுநரைப் போய்ப் பாருங்கள். குரூப்பில் அன்று சொல்லாமல் விட்டதை அவரிடம் நேரில் சொல்லிவிட்டு, கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் பையனைப் பற்றி எழுதுகிற வரிகள் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் மற்றவர்களிடம் போங்கள்.

அன்புடன்,
டீச்சர்