கீரை வாசனையும் ஏரிக்கரையும்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் தாவரவியல் படிக்கிறாள். பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது, சரி. அந்தப் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துச் சவ்வில் கொழுப்பு எதற்கு என்று கேட்கிறாள். நான் ஆயும் கீரையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லையே, ஐயா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: பிசுக்கு இருக்காது, வாசனை இருக்கும். காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் அருகம்புல் செதுக்கினால் குப்பென்று ஒரு பச்சை வாடை கிளம்பும். சவ்விலுள்ள கொழுப்பிலிருந்து வரும் லினோலெனிக் அமிலம், இலை நசுங்கியதும் உடைகிற வாடை அது. முப்பது வருஷம் தாவரவியல் பாடம் நடத்தியவன். இதைச் சொன்னால் பிள்ளைகள் புல்லைக் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அப்புறம், அது எதற்கு? நம் பக்கத்துக் காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். பசுங்கணிகத்துக்குள் தைலக்காய்டு என்று தட்டையான பைகள் உண்டு. புத்தகத்தில் நாணய அடுக்கு என்பார்கள். எனக்கு இட்லித் தட்டுதான். வெயில் பட்டதும் பைக்குள் புரோட்டான்கள் என்ற நேர்மின் துகள்கள் சேரும், ஏரியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. வெளியேற மதகு ஒன்றுதான்: செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி. புரோட்டான் அந்த வழியாகப் பாயும்போதுதான் செடிக்கு ஏடிபி கிடைக்கும். கொழுப்புச் சவ்வுதான் கரை. கரை கசிந்தால் எவ்வளவு வெயில் அடித்து என்ன பயன்?

கரை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இதே சவ்வில் பதிந்திருந்து, வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளக்கும் புரதத் தொகுதியை 2011-இல் ஜப்பானியர்கள் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். அது ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்தது; ஒவ்வொரு பாதிக்குள்ளும் 20 கொழுப்பு மூலக்கூறுகள் புரதங்களுக்கு இடையே செருகி உட்கார்ந்திருந்தன. செங்கல்லுக்கு நடுவே சாந்து போல.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் சிக்கனம். நம் உடலின் செல் சவ்வுகளில் பெரும்பகுதி பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு. தைலக்காய்டிலோ ஏறக்குறைய முக்கால் பங்குக் கொழுப்பின் தலையில் இருப்பது கேலக்டோஸ் என்ற சர்க்கரை. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் செடி மற்ற சவ்வுகளிலும் இந்தச் சர்க்கரைக் கொழுப்பை மாற்றிப்போட்டு, மிச்சமாகும் பாஸ்பரஸை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் உரமான டிஏபி மூட்டைக்கு வரிசையில் நிற்கும் நம் விவசாயிக்கு இது புரியும்.

கொழுப்பு என்றதும் கீரையை ஒதுக்கிவிடாதீர்கள், அம்மா. நூறு கிராம் முளைக்கீரையில் ஒரு கிராம்கூடத் தேறாது. தாளிக்க நீங்கள் ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெய் அதைவிட எவ்வளவோ அதிகம்.