எண்டர்பிரைஸ் மாடலுக்கு விளக்கு: ஜன்னல் மட்டும் எரிய என்ன வழி?

கேள்வி: போர் விமான மாடல்கள் சில ஒட்டிப் பழக்கம் உண்டு. இப்போது 1960களின் அமெரிக்க டி.வி. தொடர் 'ஸ்டார் டிரெக்'கில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பல், 1/1000 அளவு கிட் வாங்கியிருக்கிறேன். ஜன்னல்களைத் துளைத்து, கப்பலின் முன்பக்க வட்டத் தட்டுக்குள் நாலு வெள்ளை எல்.இ.டி வைத்து, மாஸ்கிங் டேப்பால் மூடிப் பார்த்தேன். ஜன்னலே தெரியவில்லை. தட்டு முழுவதும் ட்யூப்லைட் மாதிரி ஒளிர்கிறது, விளிம்பைச் சுற்றி வெளிச்சக் கோடு வேறு. 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்ததில் ஒரு எல்.இ.டி போயேவிட்டது. என்ன செய்யலாம்? (வாசகர், தாம்பரம்)

பதில்: நல்லவேளை, ஒட்டுவதற்கு முன்னால் கேட்டீர்கள். ஒட்டியபின் என்றால் இதில் பாதியைச் செய்யவே முடியாது.

விளக்கு வைப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. வெளிச்சம் வேண்டாத இடத்தில் அதை அடைப்பதுதான் பெரிய வேலை. கிட்டின் பிளாஸ்டிக் மெல்லிய, வெளிர் நிற பாலிஸ்டைரீன். அது வெளிச்சத்தை நிறுத்தாது, உள்ளே வாங்கிப் பரப்பிவிடும். வெளியே பூசப்போகும் சாம்பல் நிறம் அதை மறைத்துவிடும் என்று நம்பாதீர்கள். கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லாப் பாகங்களுக்கும் உள்பக்கம் முதலில் கறுப்பு அடியுங்கள். ஒரே தடவையில் வழியவிடாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. லாக்கர் வகைப் பெயின்ட் ஸ்ப்ரே கனமாக விழுந்தால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். கறுப்பு நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் வெள்ளி. கறுப்பு மட்டும் போதாதா என்றால், போதாது. அது வெளிச்சத்தைத் தின்றுவிடும், ஜன்னல்கள் மங்கிப்போகும். வெள்ளி, வெளிச்சத்தைத் திருப்பியடித்து மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோகும். வெள்ளையும் அடிக்கலாம், ஆனால் கறுப்பை மூட அதற்குக் கூடுதல் பூச்சு பிடிக்கும். மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெளுத்துவிடும். உள்பக்கத்துக்கு அது பொருட்டே இல்லை. வெளிப்பக்கத்துக்கு மட்டும் வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, பாகத்தின் உள்ளே மொபைல் டார்ச்சை வைத்துப் பாருங்கள். பெயின்ட் படாத இடமெல்லாம் ஊசிமுனை அளவில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தூரிகையால் கறுப்பு தொட்டு அடையுங்கள். இந்தச் சோதனையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களின் கப்பல்தான் கடைசியில் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

விளிம்புக் கோட்டுக்கு வருவோம். பாகங்களை ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் பெயின்ட்டின் மேல் பிடிக்காது, எனவே ஒட்டும் விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டியே ஆகவேண்டும். சுரண்டினால் அங்கே வெளிச்சம் கசியும். இந்த இழுபறிக்கு ஒரு வழி உண்டு. கீழ்த்தட்டின் உட்புற ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை, விளிம்புக்கு மேல் இரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டிக் கறுப்பு அடியுங்கள். மேல்தட்டு வந்து உட்காரும்போது அது உள்ளிருந்து இணைப்பை மூடிவிடும். அலுமினிய ஃபாயில் டேப்பும் இந்த வேலைக்கு ஆகும். ஆனால் ஃபாயிலில் மின்சாரம் பாயும், மூடாத கம்பி அதில் பட்டால் ஷார்ட் ஆகும்.

ஜன்னல் துளைகளை அடைக்கச் சாதாரண ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சியால் ஒரு துளி எடுத்துத் துளைக்குள் இழுத்துவிட்டால், காய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதை வெளிப்பக்கப் பெயின்ட், டீக்கால் (எழுத்து, சின்னங்களுக்கான ஒட்டுப்படம்) எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி தெளிவான பாகங்களில் வெள்ளைப் புகையாகப் படியும், வெளிச்சம் கடத்தும் ஃபைபர் ஆப்டிக் இழை வைத்தால் அதையும் முறுகவைத்து ஒடித்துவிடும்.

எல்.இ.டி.யை ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். எதிரே இருக்கிற ஒரு ஜன்னல் கண்ணைக் குத்தும், மற்றவை தூங்கும். தட்டின் நடுவை நோக்கித் திருப்பிவையுங்கள், வெளிச்சம் வெள்ளிப்பூச்சில் மோதி எல்லா ஜன்னலுக்கும் சமமாகப் போகும். எல்.இ.டி.யின் தலையை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் இன்னும் நல்லது. நிறத்தில் மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளை 1960களின் கப்பலுக்கு ஒட்டாது என்பது என் கட்சி.

இனி கருகின எல்.இ.டி. வெள்ளை எல்.இ.டி.க்குத் தேவை சுமார் 3 வோல்ட். மீதியை ரெசிஸ்டர் (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) தாங்க வேண்டும். நீங்கள் அதை வைக்கவே இல்லை. கணக்கு எளிது: கொடுக்கும் வோல்ட்டிலிருந்து 3ஐக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுத்தால் ஓம் வரும். 9 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியருக்கு 6ஐ 0.02ஆல் வகுத்தால் 300. கடையில் 330 ஓம் கேளுங்கள். ஒரு எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர், நாலுக்கும் சேர்த்து ஒன்று என்று சிக்கனம் பார்க்காதீர்கள்.

உண்மையில் 9 வோல்ட் பேட்டரியே வேண்டாம். நாலு எல்.இ.டி.க்கு அது சில மணி நேரம்தான் தாங்கும். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட் எடுத்து, 220 ஓம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 9 மில்லி ஆம்பியர் கிடைக்கும். இவ்வளவு சின்னக் கப்பலுக்கு அந்த வெளிச்சம் தாராளம். பவர் பேங்க்கில் செருகினால் பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும், இவ்வளவு குறைந்த மின்சாரத்தை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. சாமான்கள் எல்லாம் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும்.

என்ஜின் குழாய்களின் முன்முனையில் ஆரஞ்சு வெளிச்சம் வேண்டுமென்றால், மெழுகுவத்தி மாதிரி நடுங்கும் 3 மி.மீ. எல்.இ.டி வையுங்கள். அந்தக் குழாய்களைத் தாங்கும் கால்கள் மெல்லியவை, சாதாரண ஒயர் நுழையாது. உட்புறம் காடி வெட்டி, எனாமல் பூசிய மெல்லிய காப்பர் வைண்டிங் கம்பியைப் படியவைத்துப் புட்டியால் மூடுங்கள்.

ஒயரை மறைப்பது அசல் கப்பலுக்கே தலைவலியாக இருந்தது. தொடருக்காகச் செய்த 3.4 மீட்டர் மாடலில் விளக்குகளைப் பின்னால்தான் சேர்த்தார்கள். ஒயர்களை இடப்பக்கமாக வெளியே எடுத்ததால், படம்பிடிப்பதை வலப்பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த மாடல் இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2016ல் புதுப்பித்தபோது அதற்கும் எல்.இ.டி போட்டார்கள். உங்கள் கப்பல் சுமார் 29 செ.மீ.தான். ஸ்டாண்டாக ஒரு பித்தளைக் குழாயை வைத்து அதற்குள்ளேயே ஒயரை இறக்கிவிடுங்கள்.

எல்லாம் பொருத்தியபின் உடனே ஒட்டிவிடாதீர்கள். டேப் போட்டு மூடி, ஒரு ராத்திரி முழுக்க எரியவிடுங்கள். ஒயர்களின் பற்றவைப்பில் (சால்டரிங்) கோளாறு இருந்தால் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தால், கப்பலை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எதுவும் சிமிட்டவில்லையா, சிமென்ட் பாட்டிலைத் திறக்கலாம்.