சொரியாசிஸுக்கு லைட் ட்ரீட்மென்ட் எடுக்கலாமா? கேன்சர் வந்துவிடுமா?

எடுக்கலாம். நான் தண்டையார்பேட்டை, பதினோரு வருடமாக முழங்கை, முதுகு, கால் எல்லாம் சொரியாசிஸ், போன வருடம் 34 தடவை அந்தக் கதிர் விளக்குப் பெட்டிக்குள் நின்றேன். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் போக முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள், பல பேர் நடுவில் விட்டுவிடுவது அதனால்தான். எனக்கு எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை, முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தேன்.

நல்ல தோலில் செல் உருவாகி உதிர ஒரு மாதம் போல ஆகும், நமக்கு அது சில நாளிலேயே நடந்து செதில் செதிலாகக் கொட்டுகிறது. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள நேரோபேண்ட் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் அந்த வேகத்தைக் குறைக்கிறது. அதற்கு மொட்டை மாடி வெயிலே போதுமே என்று என் மாமா சொன்னார். போதாது, வெயிலில் எல்லாக் கதிரும் கலந்து வரும், எவ்வளவு படுகிறது என்று அளக்கவும் முடியாது. பெட்டியில் முதல் நாள் சில விநாடிதான், அப்புறம் தோல் தாங்குவதைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் 12 நாள் விட்டுவிட்டேன், திரும்பி வந்ததும் அந்த கிளினிக்கில் பழைய நேரத்தையே வைத்துவிட்டார்கள், நானும் சொல்லவில்லை. அன்று ராத்திரி முதுகு நெருப்பாக எரிந்தது, மல்லாந்து படுக்கவே முடியவில்லை. இடைவெளி விட்டால் அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும், ஆகவே நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள், சில மருந்துகள் சாப்பிட்டால் கதிர் தோலைச் சீக்கிரம் கருக்கிவிடும். பெட்டிக்குள் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது, ஆண்கள் அந்தரங்க உறுப்பை மூடிக்கொள்ள வேண்டும்.

கேன்சர் பயம் பெரும்பாலும் பழைய புவா முறையிலிருந்து வந்தது. அதில் சோராலன் மாத்திரை கொடுத்து யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர் காட்டுவார்கள் (நம் கார்போகரிசியில் இருக்கும் பொருள்தான் சோராலன்), பல வருடம் நிறைய எடுத்த வெள்ளைத் தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடியது உண்மை. நேரோபேண்டில் இதுவரை அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. இருந்தாலும் எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எனக்கு இரண்டு மாதத்தில் முதுகு சுத்தமானது, முழங்கையில் ஏழு மாதம் கழித்து மறுபடி லேசாக வந்தது. அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த ஏழு மாதமும் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன், பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரும் நகரவில்லை.