ராணியின் கழுத்தில் ஒரு கிலோ பாரம்

கேள்வி: பழங்கால பிரிட்டனின் கெல்ட் மக்களை வைத்து மாயமும் வரலாறும் கலந்த நாவல் எழுதுகிறேன். நாயகி ஐசீனி குடியைச் சேர்ந்தவள். வாள் வீசுவாள், தேர் ஓட்டுவாள். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். படித்த நண்பர்கள், "இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் எந்தப் பெண் இப்படி இருந்தாள்?" என்கிறார்கள். அவளை அடக்கி எழுதவேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். பிரிட்டானியர் தலைமைக்கு ஆண், பெண் என்று வேறுபாடு பார்ப்பதில்லை என்று எழுதியவர் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அவருடைய மாமனார் பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர். ஐசீனி மன்னர் இறந்ததும் ரோமானியர் ராணி பூடிக்காவைச் சவுக்கால் அடித்தார்கள். அவளுடைய இரண்டு மகள்களையும் சீரழித்தார்கள். கி.பி. 60, 61 வாக்கில் அவள் திரட்டிய படை இன்றைய கோல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் மூன்றையும் எரித்தது. லண்டன் மண்ணுக்கடியில் அந்தத் தீயின் சிவந்த அடுக்கு இன்றும் கிடக்கிறது. நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு இருக்கும் குறை வேறு. உங்கள் நாயகி ஒரே அத்தியாயத்தில் நான்கு பேரை வெட்டுகிறாள். ஆனால் எதைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்கவில்லை. யாருடைய மாடு, யாருடைய நிலம், பிடிபட்டவனை என்ன செய்வது, எல்லாவற்றையும் ஆண்களே பேசி முடிக்கிறார்கள். அவள் கையில் வாளைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

பிரிகான்ட்டஸ் மக்களின் ராணி கார்ட்டிமண்டுவாவைப் பாருங்கள். ரோமை எதிர்த்த கரட்டகஸ் அடைக்கலம் தேடி வந்தபோது, கி.பி. 51இல் அவனை ரோமானியரிடமே ஒப்படைத்தாள். பிறகு கணவனை விலக்கிவிட்டு அவனுடைய ஆயுதம் சுமந்தவனை மணந்தாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாவலாசிரியருக்கு இவளைப் போல ஒரு பாத்திரம் எளிதில் அமையாது. அயர்லாந்தின் பழைய வீரகதையில் ராணி மேவும் கணவனும் படுக்கையில் கிடந்தபடியே சொத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு காளையால் அவள் பக்கம் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் அத்தனை பெரிய போர்!

இங்கிலாந்தின் டார்செட்டில் ஒரு கெல்ட் குடியின் இடுகாட்டில் கிடைத்த எலும்புகளின் மரபணு ஆய்வு 2025இல் வெளியானது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே தாய்வழியில் வந்தவர்கள். பெண் பிறந்த ஊரிலேயே இருந்தாள். வெளியிலிருந்து வந்தவன் கணவன். ஊர் முழுக்க வீட்டோடு மாப்பிள்ளைகள்! ஐசீனி குடியிலும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாவலுக்கு இந்த அளவு போதும். அதற்காகச் சொர்க்கமாகவும் எழுதிவிடாதீர்கள். கெல்ட் மக்கள் வாழ்ந்த 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் மனைவியின் உயிர் கணவன் கையில் இருந்தது என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார்.

மாயத்துக்கு ஒரு முயல் போதும். போருக்கு முன் பூடிக்கா தன் ஆடை மடிப்பிலிருந்து ஒரு முயலை ஓடவிட்டு, அது ஓடிய பக்கத்தை வைத்துக் குறி பார்த்தாள் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. அவர் நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் எழுதியவர். அவர் சொல்லும் பூடிக்காவின் கரகரத்த குரலிலும் மிரட்டும் பார்வையிலும் ரோமானியரின் பயமே அதிகம் தெரிகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முயலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐசீனி மண்ணான நார்ஃபோக்கில், 1950இல் ஸ்னெட்டிஷம் என்ற ஊரில் உழும்போது ஒரு கழுத்து வளையம் கிடைத்தது. பொன்னும் வெள்ளியும் கலந்த 64 கம்பிகளை எட்டெட்டாக முறுக்கி, அந்த எட்டுப் புரிகளையும் மறுபடி ஒன்றாக முறுக்கிச் செய்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள். அதைப் போன்ற ஒன்றை உங்கள் நாயகிக்கு முதன்முதலாக யார் மாட்டிவிடுகிறார்கள்? அம்மாவா? அந்தக் காலையில் அவள் முன் வந்து நிற்கும் முதல் வழக்கு என்ன? வெட்டுக்குத்தை மூன்றாம் அத்தியாயத்துக்குத் தள்ளிவிட்டு, இங்கிருந்து எழுதி அனுப்புங்கள்.